செல்போனுக்கும் முறை வைப்போம்

(பங்கின் பொன்விழாவை ஒட்டி நடந்த குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோயில் கட்டிய முன்னோரின் தியாகத்தைப் பற்றிப் பேசுவதே விழாக் கால வழக்கம். அதைப் பெரியவர்கள் காலையிலேயே நிறைவாகப் பேசிவிட்டார்கள். நம்மிடம் தாய்மார்கள் கேட்டுக்கொண்டது வேறு. "சாமி, பிள்ளைகள் கையில் இருக்கும் செல்போனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்கள். சொல்லுவோம். ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்ல நமக்கு மனமில்லை. சென்ற மாதம் நடுப்பூசையில் எழுந்தேற்ற மணி அடித்த அதே நொடியில் ஒரு சினிமாப் பாட்டு முழங்கியதே, அது எந்தப் பிள்ளையின் பையிலிருந்தும் அல்ல. அறுபதைக் கடந்த ஒரு பெரியவரின் சட்டைப் பையிலிருந்து!

இந்தக் கருவி நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, இணையம் மலிந்தது. அப்போதும் அது பெரியவர்கள் கையில்தான் இருந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் செல்போனில் என்றானபோது, தோட்டை அடகு வைத்தும் ஆட்டை விற்றும் வாங்கிக் கொடுத்த தாய்மார்களை நாம் அறிவோம். பிள்ளையின் படிப்புக்காகச் செய்த காரியம் அது. யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. 2021 நவம்பர் முதல் தேதி சிறு வகுப்புகளும் திறந்தன. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிப் போனார்கள். செல்போன் மட்டும் திரும்பிப் போகவில்லை.

அதைத் தூக்கி எறியச் சொல்லும் பிரசங்கம் ஒன்று உண்டு. அதை நாம் செய்யப் போவதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையத்தில்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்பதையும் அதில்தான் பார்க்கிறோம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. செல்போன் ஓய்ந்த அந்த இரவுகள் நிம்மதியாக இருந்தன என்று இன்று சிலர் கதை சொல்லுகிறார்கள். நமக்கு நினைவிருப்பது வேறு: சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று சொல்ல வழியில்லாமல் தவித்த தாய்மார்கள். ஆகவே கருவி வேண்டும். அதே கருவிதான் வேலையையும் கெடுக்கிறது. சிக்கல் அங்கேதான்.

எப்படிக் கெடுக்கிறது? அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார். ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து 1957-இல் அதை நூலாகவே வெளியிட்டார். கூண்டில் ஒரு விசையைப் புறா கொத்தினால் தானியம் விழும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி வைத்தபோதோ, புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. செல்போனைத் தடவும் விரலும் அப்படித்தான். அடுத்தது நல்ல வேடிக்கையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த 'இருக்கலாம்' என்பதே தூண்டில். பக்கத்தின் அடியே வராதபடி உருண்டுகொண்டே போகும் திரையை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ரஸ்கின். அதன் விளைவைக் கண்டு பின்னர் அவரே வருந்திப் பேசினார். கலிபோர்னியாவின் பேராசிரியை குளோரியா மார்க், மக்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் கவனம் நிறுத்துகிறார்கள் என்று அளந்தார். 2004-இல் சராசரி இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் 47 நொடி. ஆகவே, 'என் மகன் சோம்பேறி' என்று சொல்லும் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை: படித்த பெரியவர்கள் பலர் கூடி, கூலி வாங்கிக்கொண்டு செய்த தூண்டில் அது. பதினாறு வயதுப் பிள்ளை தனியாக நின்று வெல்ல வேண்டும் என்பது நியாயமல்ல.

நோய் மட்டும் பழையது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இதை நன்றாக அறிந்திருந்தார். நண்பகலில் துறவிக்கு மனம் சலிக்கும். சூரியன் நகர்கிறதா என்று சன்னலை எட்டிப் பார்ப்பார். யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பார். நூலை எடுத்தால் இன்னும் எத்தனை பக்கம் என்று எண்ணுவார். அன்று அந்தச் சன்னல் சுவரில் இருந்தது. இன்று அது சட்டைப் பையில் இருக்கிறது.

அரசு சட்டம் போடட்டும் என்பார் சிலர். போட்டுத்தான் பார்த்தது. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் தடை செய்யப்பட்டது. பிள்ளைகள் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் மாறிக்கொண்டார்கள், விரல் ஓயவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு குடும்பங்களை அழித்ததால் நம் மாநிலம் 2022-இல் சட்டம் இயற்றியது. 2025-இல் பாராளுமன்றமும் அதைத் தடை செய்தது. அந்தத் தடைகளை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் பணமே கேட்காமல் மாலைப் பொழுது முழுவதையும் வாங்கிக்கொள்ளும் வேடிக்கைக்கு எந்தச் சட்டம் வரும்?

வழி நம் ஊரிலேயே இருக்கிறது. தண்ணீர் குறைந்த ஆண்டில் யாரும் வாய்க்காலைத் தூர்த்துவிடுவதில்லை. முறை வைக்கிறார்கள். காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள், கல்லணைக் கால்வாய்க்கு இத்தனை நாள். அந்த முறையும் அவரவர் மனவுறுதிக்கு விடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மதகில் பலகை இருக்கிறது; அதை இறக்க லஸ்கர் இருக்கிறார். பயிர் காயும்போது நல்லவன் கையும் இரவில் மடையைத் தேடும் என்பது அவருக்குத் தெரியும். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கிலும் ஒரு லஸ்கர் உண்டு. தவக்காலத்தில் வாசிப்பு வேளையில் மூத்த துறவிகள் ஓரிருவர் மடத்தைச் சுற்றி வர வேண்டும். எவராவது நூலை விட்டுவிட்டு வம்பளக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

நம் பங்கில் ஒரு தம்பி. பட்டதாரி. மூன்று ஆண்டுகளாகக் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர். "ஐந்து மணி நேரம் உட்காருகிறேன் சாமி, ஒன்றும் ஏறவில்லை" என்றார். புத்திமதி சொல்லாமல் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தோம். படிக்கும்போது செல்போனை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு; அவ்வளவுதான். முதல் நாளே பக்கம் நிறைந்துவிட்டது. தாமே மிரண்டுபோனார். பிறகு அவராகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். காலை ஐந்து முதல் எட்டு வரை செல்போன் அடுத்த தெருவில் அப்பாயி வீட்டில். எழுந்திருக்க ஒரு அலாரக் கடிகாரம். பாடக் குறிப்புகள் தாளில். அப்பாயி எட்டுக்கு முன் கொடுக்கமாட்டார், அழுதாலும் கொடுக்கமாட்டார். முதல் பத்து நாள் கை பரபரத்தது என்கிறார். சென்ற தேர்வில் அவருக்கு வேலை கிடைத்துவிடவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாடத்திட்டத்தை முதன்முறையாக முழுதும் முடித்திருந்தார். மறுபடி எழுதப் போகிறார்.

2025 செப்டம்பர் 7-இல் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் கணினியில் வல்லவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்த இளைஞர். வீடியோ விளையாட்டும் அவருக்குப் பிடிக்கும். அதற்கு அவர் வைத்திருந்த முறை வாரத்துக்கு ஒரு மணி நேரம்.

இனி நாம் செய்யக்கூடியது. இரவு எட்டரை மணிக்கு வீட்டிலுள்ள எல்லாச் செல்போனும் ஒரே இடத்துக்குப் போகட்டும். மாடத்திலோ, அலமாரித் தட்டிலோ. தகப்பனாருடையது முதலில் போக வேண்டும். அப்பா கையில் இருந்தால் பிள்ளை கையிலிருந்து பிடுங்க முடியாது. அழைப்பு மணியைத் தவிர மற்ற மணிகளை நிறுத்திவிடுங்கள். எப்படி என்று பிள்ளைகளைக் கேட்டால் அவர்களே செய்து தருவார்கள். மிச்சமாகும் நேரத்தைச் சும்மா விட்டால் தரிசில் கோரை முளைத்துவிடும். அதனால்தான் பங்கு நூலகத்தை மாலை ஆறு முதல் எட்டு வரை திறக்க விழாக்குழு இசைந்திருக்கிறது. வாசலில் தச்சர் ஒரு பலகை அடித்துத் தருகிறார். உள்ளே வருவோர் செல்போனை அதில் வைத்துவிட்டு வர வேண்டும். அவசர அழைப்பை எதிர்பார்ப்பவர்கள் வாசலில் அமர்ந்திருக்கும் உபதேசியாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மணி அடித்தால் அவர் உள்ளே வந்து கூப்பிடுவார்.