கேளிக்கைக் கூடம் அருங்காட்சியகமான வரலாறு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலை என்றொரு சாலை உண்டு. பாண்டிய மன்னர் பெயரால் அமைந்தது என நம்மிற் பலர் எண்ணியிருப்போம். அவ்வாறன்று, அங்கே முன்பிருந்த 'பாந்தியன்' என்னும் பொதுக்கூடத்தின் பெயரே அது.

1778இல் கும்பினி அதிகாரி ஒருவருக்கு ஆளுநர் வழங்கிய 43 ஏக்கர் நிலம், 1793இல் 24 பேர் கொண்ட குழுவின் கைக்கு வந்தது. நகரின் பொதுக் கேளிக்கைகளை நடத்துவது அக்குழுவின் பணி. விருந்து, நடனம், நாடகம் என வெள்ளைக்காரத் துரைமார் கூடிக் களித்தனர். நம்மவர் அங்கே சென்றிருந்தால், பெரும்பாலும் பரிமாறவும் பல்லக்குச் சுமக்கவுமே சென்றிருப்பர். 1821இல் அக்குழு மாளிகையை மூரத் என்னும் ஆர்மீனிய வணிகருக்கு விற்றது. 1830இல் அரசு அதை வாங்கிக் கலெக்டர் கச்சேரியாக்கியது.

இதற்கிடையே 1851இல் சென்னை அருங்காட்சியகம் வேறோர் இடத்தில், கல்லூரிக் கட்டடமொன்றின் மாடியில் தொடங்கிற்று. சென்னை இலக்கியச் சங்கம் அளித்த 1,100 பாறை, கனிம மாதிரிகளே அதன் முதல் இருப்பு. பொறுப்பேற்றவர் மருத்துவர் எட்வர்டு பால்ஃபர். 1850இல் சென்னையில் முகம்மதியர் பொது நூலகம் அமைய முன்னின்றவரும் இவரே. 1854 டிசம்பரில் அருங்காட்சியகம் பாந்தியன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. துரைமார் ஆடிய கூடம் எல்லா மக்களுக்கும் திறந்தது.

உயிருள்ள விலங்குகளைக் காணவே மக்கள் திரளாக வருவதைக் கண்ட பால்ஃபர், கர்நாடக நவாப் குலாம் கவுஸ் கானை அணுகினார். நவாப் தம் விலங்குகள் அனைத்தையும் வழங்கினார். 1855இல் சென்னை மிருகக்காட்சி சாலை இவ்வாறு பிறந்தது. 1863இல் அது மூர்மார்க்கெட் அருகேயிருந்த மக்கள் பூங்காவை அடைந்தது. 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. நமது ஊர் நவாப் வாலாஜா முகம்மது அலியின் பெயர் தாங்கியது. அவர் மரபின் கடைசி நவாப் ஈந்த கொடையின் தொடர்ச்சியோ, நம் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையின் மறுமுனையில் இருக்கிறது! காணும் பொங்கலன்று அங்கே திரளும் கூட்டத்தில் இதை அறிந்தோர் எத்தனை பேர்?

அதே 1855இல் அந்த நவாப் மறைந்தார். வாரிசு இல்லையென்று கூறிக் கும்பினியார் நவாப் பட்டத்தையே ஒழித்தனர். சேப்பாக்கம் அரண்மனையும் அரசின் வசமாயிற்று. அரண்மனைக்குள்ளேயே வைத்திருந்தவை கைமாறின. ஊருக்குக் கொடுத்தவை மக்களிடம் இருக்கின்றன.

ஒரகடம் பகுதியில் ஆலைகள் பெருகியபின் நிலங்கள் கைமாறுகின்றன. பழைய வீடுகள் இடிபடுகின்றன. பரணிலுள்ள நிக்காஹ் தஃப்தர்கள், அரபுத்தமிழ், உருது ஏடுகள், பத்திரங்கள் எல்லாம் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போகின்றன. அருங்காட்சியகம் என்றதும் மாளிகையை நினைத்து மலைக்க வேண்டாம். ஒரு கல்லூரி மாடியும் சில கற்களும் போதுமாயிருந்தன. நமக்கு மதரஸாவில் பூட்டுள்ள ஓர் அலமாரி போதும். உள்ளே வரும் ஒவ்வொன்றையும் கொடுத்தவர் பெயரோடு பதிந்துவைக்க ஒரு நோட்டு வேண்டும். பொருளைப் பிரிய மனமில்லாதவர்கள் ஒருநாள் தந்துதவினால், படியெடுத்துத் திருப்பித் தருவோம். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் கொண்டுவாருங்கள்.