சீட்டு எழுதிய பின்பும் காலியாகாத கட்டில்



சென்ற மாதம் நோய் விசாரிக்கும் நிமித்தம் ஓர் அரசு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்த ஒரு மூதாட்டி படுத்திருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சீட்டு எழுதி 17 நாட்கள் ஆகியிருந்தன. ஆண்மக்கள் மூவர், ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். துஆச் செய்துவிட்டு எழுந்தேன். அந்த அம்மா என் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், துஆவை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன், முதலில் என் மகனுக்கு ஒரு போன் போடுங்கள்" என்றார். நோயாளியைக் கண்ட நன்மையோடு திரும்ப இருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை அடிக்கடி ஓதுகிறோம். பெற்றோரைச் 'சீ' என்றும் சொல்லலாகாது என்பதோடு பயானை முடித்துவிடுகிறோம். அதற்கு முன்னரே 'இன்தக' என்றொரு சொல் வருகிறது. 'உன்னிடத்தில்' என்பது பொருள். முதுமை வந்தடையும்போது அவர்கள் உன் அருகில், உன் பொறுப்பில் இருப்பார்கள் என்ற கருத்து அச்சொல்லுக்குள் இருக்கிறது.

நோய் தீர்ந்த பின்னும் முதியவர் படுத்தே கிடந்தால் சில நாட்களிலேயே தசை வலுவிழக்கிறது; படுக்கைப்புண் வருகிறது; மருத்துவமனைக் கிருமி தொற்றுகிறது; இரவு பகல் புரியாமல் புத்தி தடுமாறுகிறது. நடந்து வீடு திரும்ப வேண்டியவரைத் தூக்கிச் செல்ல நேர்கிறது. அந்தக் கட்டிலுக்குக் காத்திருக்கும் இன்னொரு நோயாளியின் ஹக்கும் இதில் உண்டு.

முதியவரைக் கைவிடும் எண்ணத்தோடு விட்டுச்செல்பவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டத்தால் அவ்வளவுதான் முடியும்.

இளைய மகனைச் சந்தித்தேன். மாடியில் வாடகை வீடு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். தாயாருக்குப் போட்டிருக்கும் சிறுநீர்க் குழாயைத் தொடவே அவருக்குப் பயம். ஏச வேண்டுமென்று போன நான் பேச்சற்று உட்கார்ந்திருந்தேன். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் ஊர்மக்கள் கைக்கு வந்தது. அங்கே தொண்டர்கள் செவிலியரோடு வீடு தேடிச் செல்லப் பழகினார்கள். நம் மஹல்லாவிலோ மையித்தைச் சுமக்கச் சந்தூக் இருக்கிறது. உயிரோடிருப்பவரை நிமிர்த்தி உட்கார வைக்கும் கட்டில் ஒன்றுகூட இல்லை.

அந்த அம்மா சென்ற திங்களன்று வீடு வந்து சேர்ந்தார். கீழ்வீட்டுக்காரர் தம் முன்னறையைக் கொடுத்திருக்கிறார். சக்கர நாற்காலிதான் இன்னும் கிடைக்கவில்லை. வைத்திருப்பவர்கள் தொழுகை முடிந்ததும் மோதினாரிடம் சொல்லுங்கள்.