எல்லாம் பச்சையாக இருந்தால் போதுமா?

 திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று எங்கே அரசு அலுவலகம் இருந்தாலும், அதைச் சென்னையோடு இணைக்கத் தமிழ்நாடு மாநில விரிபரப்பு வலையமைப்பு இருக்கிறது. மத்திய அரசு 2005-இல் ஒப்புதல் தந்த திட்டத்தின்படி அமைந்த இதை மாநில அரசு நிறுவனமான எல்காட் நிர்வகிக்கிறது. மாநிலத் தலைமையிடம், அதன் கீழ் மாவட்டத் தலைநகர், அதற்கும் கீழ் தாலுகா, ஒன்றியம் என மூன்று அடுக்கு. இப்படிப்பட்ட பெரிய வலையமைப்புகளில் ஒரே கேபிளில் பல துறைகளின் தகவல் ஓடும். ஒரு துறையின் தகவல் இன்னொரு துறைக்குப் போகாமல் பிரித்து வைக்கும் ஏற்பாடுகளில் ஒன்றுதான் வி.பி.என். எனும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு.

இதற்குப் பரவலாகக் கையாளப்படும் முறை ஒன்று 1999-இல் எழுத்தில் வெளிவந்து 2006-இல் திருத்தப்பட்டது. தகவல் செல்லும் ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. எந்தக் குறியை ஏற்பது என்று, தகவலுக்கு வழிகாட்டும் கருவியான ரூட்டரில் எழுதி வைப்பார்கள். கிளை அலுவலகங்கள் திண்டுக்கல் வழியாக மட்டும் பேச வேண்டுமா, தங்களுக்குள் நேராகவே பேசலாமா என்பதைத் தீர்மானிப்பது கேபிள் அல்ல, இந்தக் குறிகள்தான். வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் அவற்றை ரூட்டர்களிலிருந்து படித்து, யாரோடு யார் இணைந்திருக்கிறார்கள் என்று படமாக வரைந்து காட்டுகிறது.

‘இணைப்பு அறுந்தால் எச்சரிக்கை மணி அடிக்கிறதே, படம் எதற்கு?’ என்று கேட்கலாம். அறுந்ததை மணி சொல்லும். கூடாத இணைப்பு ஏற்பட்டதை அது சொல்லாது. ஒரு குறி தவறுதலாக மாறி, ஒரு துறையின் வலைக்குள் வேறு துறையின் அலுவலகம் நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஓடும், கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். அந்நியக் கோடு ஒன்று முளைத்திருப்பது படத்தைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அதற்காகப் படத்தை முழுதாக நம்பிவிடவும் கூடாது. வேடசந்தூருக்கும் குஜிலியம்பாறைக்கும் திண்டுக்கல்லிலிருந்து தனித்தனிக் கோடுகள் தெரியலாம். ஆனால் தரைக்குள் இரண்டும் ஒரே கேபிளில் போனால், சாலைப் பணிக்குத் தோண்டும் ஒரு பொக்லைன் இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். பேருந்துத் தட எண் வேறாக இருந்தாலும் சாலை ஒன்றாக இருப்பதைப் போன்றது இது. மாற்று வழி என்று காட்டப்படும் இரண்டாவது கோட்டுக்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

‘இவ்வளவும் ஒரே திரையில் தெரிந்தால் திருடனுக்கு வழி காட்டியது ஆகாதா?’ என்பது நியாயமான அச்சம். பார்ப்பவர்களைக் கட்டுப்படுத்துவதும், யார் எப்போது பார்த்தார் என்று பதிவு வைப்பதும்தான் அதற்குத் தீர்வு. படமே வேண்டாம் என்றால் கண்காணிக்க வேண்டியவருக்கும் கண் கட்டியதாகிவிடும். ஆகவே மென்பொருள் வாங்கும் அலுவலகங்கள் டெண்டரிலேயே இரண்டைக் கேட்க வேண்டும்: வி.பி.என். படமும் கேபிள் படமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒப்புதல் பெற்ற அமைப்பிலிருந்து விலகும் கோடு எதுவானாலும் அன்றன்றைக்கே தனியாகக் காட்டப்பட வேண்டும்.