தூணுக்கு அடியில் தோண்டினார்கள்



அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பத்தாம் தெருவில் ஒரு நாடகக் கொட்டகை இருக்கிறது. ஃபோர்டு தியேட்டர் என்று பெயர். 1865 ஏப்ரல் 14 இரவு, அடிமைத்தளையை அறுக்கப் போராடிய ஆப்ரகாம் லிங்கனை அங்கேதான் சுட்டார்கள். இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அதே கட்டடத்தில் 28 ஆண்டுகள் கழித்து 22 பேர் செத்தார்களே, அதை யாராவது நமக்குச் சொன்னதுண்டா?

லிங்கன் மாண்டபின் சர்க்கார் அந்தக் கொட்டகையை எடுத்துக்கொண்டது. மேடையையும் ஆசனங்களையும் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே மூன்று தளம் போட்டது. 1887 வரை மேல்தளத்தில் ராணுவ மருத்துவ மியூசியம் நடந்தது. பிறகு யுத்த இலாகாவின் பென்ஷன் ஆபீஸ் முழுவதும் அங்கே வந்தது. நாடகம் பார்க்கக் கட்டிய இடத்தில் மூட்டை மூட்டையாகச் சிப்பாய்களின் தஸ்தாவேஜுகள், நூற்றுக்கணக்கான குமாஸ்தாக்கள். காகிதம்தானே என்று எண்ண வேண்டாம். கட்டுக்கட்டாக அடுக்கினால் அது பஞ்சுப் பேல் போலக் கனக்கும். மில்லில் பேல் தூக்கிய தோழர்களுக்கு அதை நாம் சொல்லத் தேவையில்லை.

1893இல் அந்தக் கட்டடத்துக்கு மின்விளக்கு வந்தது. யந்திரம் வைக்க நிலவறையில் பள்ளம் தோண்டினார்கள். ஒரு தூணின் அடியிலேயே மண்ணை எடுத்தார்கள். மேலே மூன்று தளத்திலும் ஆட்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஜூன் 9 காலை அந்தத் தூண் சாய்ந்தது. முன்பக்கத்துத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. 22 பேர் மாண்டார்கள், 60 பேருக்கு மேல் காயம்பட்டார்கள். லிங்கனைச் சுட்டவனுடைய அண்ணனுக்கு அன்றுதான் நியூயார்க்கில் இறுதிச் சடங்கு என்பதை ஓர் அதிசயம் போலச் சொல்வார்கள். நமக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தூணுக்கு அடியில் தோண்டினால் எந்த நாளிலும் விழும்.

கிணறு வெட்டிய தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். மண் சரியும் என்று தெரிந்தால் முட்டுக் கொடுக்காமல் இறங்குவீர்களா? கட்டடத்துக்கும் அதே நியாயம்தான். முதலில் தூண் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்குப் போடவேண்டும். இருபுறமும் உத்திரம் கொடுத்து, ஜாக்கி வைத்து, அந்தப் பாரத்தை வேறு முட்டின்மேல் ஏற்றவேண்டும். அதன் பிறகே அடிமண்ணைத் தொடலாம். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கவேண்டும். சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டுவார்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். காலணாச் செலவு! இத்தனைக்கும் முந்திய வேலை ஒன்று உண்டு: மேலே இருக்கும் ஆட்களை வெளியே அனுப்புவது. அதற்குக் காலணாவும் வேண்டாம். ஆனால் வேலையை நிறுத்தும் அதிகாரம் மேசையில் இருந்த குமாஸ்தாவிடம் இல்லையே!

மரண விசாரணை ஜூரி, ஆபீஸ் தலைவர் மீதும் காண்ட்ராக்டர் மீதும் வேறு இருவர் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. வழக்கும் வந்தது. தண்டனை அடைந்தவர் ஒருவருமில்லை. கட்டடத்தைப் பழுதுபார்த்து மீண்டும் ஆபீஸ் நடத்தினார்கள்.

அதே நகரில் 1922 ஜனவரி 28 இரவு நிக்கர்பாக்கர் என்ற சினிமாத் தியேட்டர். இரண்டு நாளில் 28 அங்குலம் பனி பெய்திருந்தது. தட்டையான கூரை, பனி வழிந்தோட வழியில்லை. உள்ளே சிரிப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கூரை பால்கனியையும் இழுத்துக்கொண்டு விழ, 98 பேர் செத்தார்கள். கட்டி ஐந்தே ஆண்டான கட்டடம். கூரையைச் சுவரில் தாங்கவைத்த விதமே சரியில்லை என்று பின்னால் கண்டார்கள். அதற்குப் பின் கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள். இங்கும் தண்டனை யாருக்கும் இல்லை.

ஒரு தளம் தாங்குமா என்று ஆளை ஏற்றாமலே அறிய வழி உண்டு. நம் நாட்டுக் கான்கிரீட் விதியே அதைச் சொல்கிறது. தளம் தாங்கவேண்டிய பாரம் நூறு என்றால், மணல் மூட்டையோ தண்ணீரோ வைத்து நூற்றிருபத்தைந்து பங்கு ஏற்றி 24 மணி நேரம் விடவேண்டும். தளம் எவ்வளவு தொய்ந்தது என்று கருவி வைத்து அளக்கவேண்டும். பாரத்தை இறக்கிய 24 மணி நேரத்துக்குள் அந்தத் தொய்வில் முக்கால் பங்காவது மீளவேண்டும். மீளாவிட்டால் மறுபடி சோதனை. அதிலும் 80 சதவீதம் மீளாவிட்டால் அந்தத் தளம் தள்ளுபடி. பால்கனி உள்ள கொட்டகைக்கு இது எத்தனை அவசியம் என்று டிக்கெட் வாங்கிப் போகும் நமக்குத் தெரியவேண்டும்.

செய்ய மனமிருந்தால் செய்கிறார்கள். 2011 ஆகஸ்ட் 23 அன்று பூமி அதிர்ந்து, அதே வாஷிங்டனில் 555 அடி உயர நினைவுத்தூணின் கற்கள் விரிந்தன. உடனே கதவைப் பூட்டினார்கள். என்ஜினியர்கள் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கியபடி இறங்கி, கல் கல்லாகப் பார்த்துக் குறித்தார்கள். 150 லட்சம் டாலர் செலவில் பழுது நீக்கினார்கள். 2014 மே 12 வரை பார்வையாளர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஃபோர்டு தியேட்டரும் 1968இல் மறுபடி நாடகக் கொட்டகையாகத் திறக்கப்பட்டது. அதன் நிலவறையில் இன்று லிங்கன் மியூசியம் இருக்கிறது. 1893இல் பள்ளம் தோண்டியதும் அந்தக் கொட்டகையின் நிலவறையில்தான்.