பெயர் போட்ட ஆடையும் ஓர் அமானிதமே
(தையல் பயிற்சி நிறைவு நிகழ்ச்சியில் அறக்கட்டளை நிர்வாகிகள் சார்பில் ஆற்றிய உரை)



இன்று சான்றிதழ் பெறும் சகோதரிகளே!

தையல் கற்றுவிட்டீர்கள், அல்ஹம்துலில்லாஹ். இனி, தைத்ததை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி வரும். மதரஸாக்கள், பள்ளிகள், விளையாட்டுக் குழுக்கள், சிறு கடைகள் எனப் பலரும் தங்கள் பெயர் பொறித்த டீ-ஷர்ட்டும் பையும் கேட்கிறார்கள். உங்கள் கைக்கு வேலை தரக்கூடிய தொழில் இது. ஆனால் இதில் நாங்கள் முதலில் தோற்றோம். அதை மறைக்காமல் சொல்கிறோம்.

அறக்கட்டளையின் பெயரில் டீ-ஷர்ட் போட்டால் சகோதரிகளுக்குக் கூலி கிடைக்கும், அறக்கட்டளைக்கும் வருமானம் வரும் என்று நினைத்தோம். ஜகாத் நிதியைத் தொடவில்லை. நிர்வாகிகளின் கைப்பணத்தைப் போட்டோம். நெஞ்சு முழுக்க எங்கள் பெயர், முதுகில் அரபி எழுத்தில் பிஸ்மில்லாஹ். ஒரு மூதாட்டி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் வாப்பா, இதைப் போட்டுக்கிட்டு புள்ள எப்படி பாத்ரூமுக்குப் போவான்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பெண்பிள்ளைகள் அரைக்கை வேண்டாம் என்றார்கள். வாங்கிய சிலருக்கும் முதல் சலவையிலேயே துணி சுருங்கியது, எழுத்து வெடித்தது. மீதி பீரோவில் தங்கிவிட்டது. தைத்த கூலியைக் கொடுத்துவிட்டோம். ஆனால் அடுத்த மாதம் அந்தச் சகோதரிகளுக்குக் கொடுக்க வேலை இல்லை. எங்களை அதிகம் உறுத்தியது அதுதான்.

எங்கள் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று பார்த்தோமே தவிர, அணிகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டுவிட்டுத் தொடங்கினோம். பெயர் சிறிதாக, கையிலோ நெஞ்சின் ஓரத்திலோ இருந்தால் போதும் என்றார்கள் வாலிபர்கள். பெண்கள் முழுக்கை, முழங்கால் வரை நீளம் கேட்டார்கள். உயிரினங்களின் உருவம் போட்ட ஆடையில் தொழ மனம் ஒப்பவில்லை என்றார்கள் பலர். இறைவனின் திருநாமத்தையும் ஆயத்துகளையும் ஆடையில் அச்சிடுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

துணியிலும் கவனம் வேண்டும். திருப்பூரில் பனியன் துணி வாங்கும்போது ஜி.எஸ்.எம். கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. டீ-ஷர்ட்டுக்கு 180 அளவில் இருந்தால் உடம்பு தெரியாது, அதிகம் கனக்கவும் செய்யாது. மாதிரிக்கு ஒன்று தைத்து, அச்சும் போட்டு, ஐந்து முறை துவைத்துப் பார்த்த பிறகே மற்றதை வெட்டுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். அதனால் குறைந்த எண்ணிக்கைக்கு ஒரே நிறம்தான் கட்டுப்படியாகும். பத்துப் பதினைந்து உருப்படி என்றால் சிறிய எம்பிராய்டரி நல்லது. அந்த வேலையும் உங்கள் கையிலேயே இருக்கும்.

கணக்கையும் பாருங்கள். 100 சட்டை, ஒன்றின் அடக்கம் 220 ரூபாய், விற்கும் விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போட்ட முதல் 22,000. 73 சட்டை விற்றாலும் வருவது 21,900 ரூபாய்தான், முதல்கூடத் திரும்பவில்லை. 74ஆவது சட்டையில்தான் லாபம் தொடங்குகிறது. ஆகவே யாருக்கு எந்த அளவு என்று எழுதி வாங்கி, பாதி முன்பணமும் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டாம் முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். பீரோவில் எதுவும் தங்கவில்லை.

பிரபல நிறுவனங்களின் முத்திரையைப் போட்டுத் தரச் சொல்லிச் சிலர் வருவார்கள். மறுத்துவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி அது குற்றம். பிறர் உழைத்துச் சேர்த்த பெயரை எடுத்து விற்கும் காசில் பரக்கத்தும் இருக்காது. உங்கள் குழுவுக்கென்று ஒரு பெயர் வைத்தால், அதே சட்டத்தின்கீழ் ஆடைகளுக்கான 25ஆம் வகுப்பில் பதியலாம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள துணி ஒன்றைக் கூட்டாளியிடம் கொடுத்து, வாங்குபவரிடம் குறையைச் சொல்லி விற்கும்படி கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் தொகை முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் படிக்கிறோம். உங்கள் தையலிலும் பிசகு வரலாம். அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள். அந்த வாடிக்கையாளர் திரும்பவும் உங்களிடமே வருவார், இன்ஷா அல்லாஹ்.

வரும் ரமலானுக்கு முன் மதரஸா மாணவர்களுக்கான சட்டைகளை உங்களிடமே கொடுக்க எண்ணியிருக்கிறோம். முதலில் பிள்ளைகளையும் அவர்களின் தாய்மார்களையும் சந்தித்து, அளவும் விருப்பமும் எழுதி வாருங்கள். துணி வாங்க நாங்கள் உடன் வருகிறோம்.

உங்கள் கைத்தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.