முற்றுகையும் வெண்கலக் காசும்



பொற்காசை எந்நாட்டானும் எடையிட்டு வாங்குவான். அதன் மதிப்பு அதன் மாழையிலேயே அடங்கியுள்ளது. வெண்கலக் காசின் நிலை வேறு. அதனை வார்த்த நகர் நிலைத்து நிற்கும் என்னும் நம்பிக்கையே அதன் மதிப்பிற் பெரும்பகுதி. நகர் வீழ்ந்தால் அது கலம் வார்க்கும் வெண்கலமே! இதற்கு ஒல்பியா நகரமே நல்ல சான்று.

கருங்கடலின் வடகரையில், இன்றைய உக்கிரேன் நாட்டில், ஆற்றுக் கழிமுகத்தில் அமைந்த துறைநகர் அது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேத்தசு நகரத்துக் கிரேக்கர் குடியேறி அமைத்தனர். அவர்கள் முதலில் அம்புமுனை வடிவிலும், பின்னர் ஓங்கில் என்னும் கடல்விலங்கின் வடிவிலும் வெண்கலம் வார்த்தனர். துடுப்பும் வாலும் உடைய காசு! வட்டக் காசுகளும் வந்தன. அவற்றுட் பெரியவை 100 கிராமுக்கு மேல் எடையுள்ளவை; கழுகொன்று ஓங்கிலைப் பற்றிநிற்க, நகரின் பெயர் பொறிக்கப்பட்டவை.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கனோபசு என்பான் முன்மொழிய, நகரவை ஒரு சட்டம் இயற்றியது. பொன்னும் வெள்ளியும் எவரும் கொணரலாம், கொண்டு செல்லலாம். ஆயின் ஒல்பியாவினுள் வாங்கலும் விற்றலும் அந்நகரின் வெண்கலத்தாலும் வெள்ளியாலுமே நிகழ்தல் வேண்டும். பிறர் காசுக்கு விற்றவன் சரக்கை இழப்பான். வாங்கியவன் கொடுத்த விலையை இழப்பான். இச்சட்டம் பொறித்த கல், கப்பல்கள் கருங்கடலுட் புகும் நீரிணைவாயிற் கிடைத்தது. வணிகன் துறையை அடையுமுன்பே படித்துவிட வேண்டுமன்றோ!

கி.மு. 331 அளவில் போர் வந்தது. அலெக்சாந்தரின் படைத்தலைவன் சோப்பிரியோன் நகரை முற்றுகையிட்டான். அடிமைகளை விடுவித்தும், அயலார்க்குக் குடியுரிமை அளித்தும், கடன்களை நீக்கியும் நகரத்தார் எதிர்த்து நின்றனர் என்று மாக்ரோபியசு எழுதுகிறார். பகைவன் மதிற்புறத்தே வந்து நின்ற பின்னரே அடிமையின் விலங்கு கழன்றது என்பது அந்நகர்க்குப் பெருமையன்று. எனினும் நகர் வீழவில்லை. சோப்பிரியோனோ படையொடு சித்தியரிடம் அழிந்தான்.

இம்முற்றுகைக் காலத்தை ஒட்டியே பொரிசுதெனீசுக் காசுகள் தொடங்கின என்பர் ஆய்வாளர். ஒருபுறம் கொம்பும் தாடியும் உடைய ஆற்றுத் தெய்வம். மறுபுறம் கோடரியும் வில்லுறையும். வில்லுறையோ சித்தியர் பாங்கினது. புல்வெளிக் குடிகளொடு வாழ்ந்த நகரின் முகம் அக்காசில் உள்ளது.

கி.மு. 200 அளவில் வெட்டப்பட்ட புரோத்தோகெனீசுக் கல்வெட்டிலோ வேறு காட்சி. சூழ்ந்திருந்த அரசர்க்குத் திறை கொடுக்கப் பொன் தேவை. அவர்கள் வெண்கலத்தை ஏற்பார்களா? நகரத் தலைவர்கள் கோயிற் கலங்களை 100 பொன்னுக்கு அயலான் ஒருவனிடம் அடகு வைத்தனர். அவன் அவற்றைக் காசடிக்க எடுத்துச் செல்லுங்கால், புரோத்தோகெனீசு என்னும் செல்வன் தன் பொன்னைக் கொடுத்து அவற்றை மீட்டான்.