அணுமின் நிலையமும் பூமியின் பிளவுகளும்



ஒரு வீடு பூகம்பத்தில் இடிந்து விழுந்தால் அந்தத் துயரம் பெரும்பாலும் அந்த வீட்டாரோடு நின்றுவிடுகிறது. ஓர் அணுமின் நிலையம் பூகம்பத்தில் நிலைகுலைந்தாலோ, அதன் விளைவு ஊர் எல்லையையும் ஒரு தலைமுறையின் ஆயுட்காலத்தையும் கடந்து போகக்கூடும். ஆபத்து நேரும்போது உலையை நிறுத்திவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. தொடர்வினை நின்ற அந்தக் கணத்திலும், எரிபொருளுக்குள் சேர்ந்திருக்கும் கதிரியக்கப் பொருள்கள் இடைவிடாமல் சிதைந்துகொண்டிருப்பதால், உலையின் முழு வெப்பத்தில் 6 அல்லது 7 சதவீதம் அப்போதும் எஞ்சி நிற்கிறது. நேரம் செல்லச் செல்ல அது குறைந்து வந்தாலும், அந்த வெப்பத்தை அகற்றும் நீரோட்டம் நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தடைப்படாமல் நடந்தே தீர வேண்டும். நிலம் குலுங்கி அடங்கிய பின்னும் குழாய்கள் உடையாமல், பம்புகள் நிற்காமல், மின்சாரம் அறாமல் இருந்தால்தான் அது சாத்தியம். ஆதலால், அணுமின் நிலையம் அமைக்க எண்ணுகிறவர்கள் இயந்திர நிபுணர்களிடம் போகும் முன்பே பூகர்ப்ப சாஸ்திரிகளிடம் போக வேண்டியவர்களாகிறார்கள்.

அங்கே அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சுற்றுப்புறத்தில் எந்தெந்த நிலப்பிளவுகள் உயிரோடு இருக்கின்றன, அவை அசைந்தால் இந்த இடம் எவ்வளவு கடுமையாகக் குலுங்கும் என்பது முதற்கேள்வி. அத்தகைய பிளவு ஏதேனும் கட்டடத்தின் அடியிலேயே ஓடுகிறதா என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு விடை தெரிந்தால், சுவரின் கனத்தையும் இரும்புக் கம்பியின் அளவையும் குழாய்த் தாங்கிகளின் பலத்தையும் அதற்கேற்பக் கணக்கிட்டுக் கட்டலாம். இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வருமானால், அஸ்திவாரத்தின் ஒரு பகுதி ஒரு திசையிலும் மறுபகுதி எதிர்த்திசையிலும் நகரும் அபாயம் இருப்பதால், சுவரைக் கனமாக்குவது அதற்குப் பரிகாரமாகாது.

இந்த இரு கேள்விகளும் எவ்வாறு எழுந்தன, அவற்றை உரிய காலத்தில் கேட்டதால் விளைந்த நன்மை என்ன, காலம் தாழ்த்திக் கேட்டதால் நேர்ந்த சங்கடம் என்ன என்பவற்றையெல்லாம் அறிய விரும்புகிறவர்களுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணமே சிறந்த பாடசாலை. பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஒன்றையொன்று உராய்ந்து நகரும் எல்லையாகிய சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அந்த மாகாணத்தின் நெடுகிலும் சுமார் 1,200 கிலோமீட்டர் தூரம் செல்கிறது. 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி விடியற்காலையில் அதன் வடபகுதி சுமார் 470 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, சான் பிரான்சிஸ்கோ நகரத்தை நாசமாக்கியது; சில இடங்களில் வேலிகளும் பாதைகளும் 6 மீட்டர் அளவுக்கு விலகி நின்றன. அந்த விலகல்களை அளந்து ஆராய்ந்த ஹாரி பீல்டிங் ரீட் என்ற அறிஞர், பிளவின் இருபுறத்துப் பாறைகளிலும் நெடுங்காலமாகத் திரண்டு வந்த இறுக்கம் திடீரென்று தளர்வதே பூகம்பம் என்று நிறுவினார். முன்பு அசைந்த பிளவு மீண்டும் இறுக்கம் சேர்த்துக்கொண்டு மீண்டும் அசையும் என்பதே அதன் பொருள். பிளவுகளின் பூர்வ சரித்திரத்தை ஆராய்ந்து எதிர்காலத்தை அனுமானிக்கும் இன்றைய முயற்சிகளுக்கெல்லாம் அந்தக் கொள்கையே அடிப்படை.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் நீண்டிருக்கும் பொடேகா முனையில் மின் நிலையம் ஒன்று அமைக்கப் போவதாக 1958-ஆம் ஆண்டில் பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனி அறிவித்தது; அது அணுமின் நிலையம் என்பது பின்னர் 1961-இல் வெளியாயிற்று. உலைக்கென்று தேர்ந்த இடத்திலிருந்து சான் ஆண்ட்ரியாஸ் பிளவு மண்டலத்தின் விளிம்பு சுமார் 300 மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. அந்தக் கடற்கரையின் அழகையும் மீன்பிடித் தொழிலையும் காக்க விரும்பிய பொதுமக்கள், டேவிட் பெசோனன் போன்றோரின் முயற்சியால் ஒன்றுதிரண்டு, பிளவு எவ்வளவு அருகில் இருக்கிறது என்ற பிரச்சினையைப் பொது விவாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1960-ஆம் ஆண்டின் சிலி நாட்டுப் பூகம்பத்தை ஆராய்ந்த அனுபவம் வாய்ந்த பியர் செயின்ட் அமண்ட் அந்த இடத்தைப் பார்வையிட்டு, அஸ்திவாரத்துக்கு அது உகந்ததல்ல என்று எச்சரித்தார்.

உலைக்காகத் தோண்டிய பெருங்குழியே இறுதியில் முக்கிய சாட்சியாக அமைந்தது. 1963-ஆம் ஆண்டில் அந்தக் குழியின் சுவரில் ஒரு பிளவு தென்பட்டது. அமெரிக்கப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த ஜூலியஸ் ஷ்லாக்கரும் மானுவல் பொனில்லாவும் அதைப் பரிசோதித்தபோது, அப்பிளவு அடியிலிருந்த பழம்பாறையை மட்டுமன்றி அதன்மேல் பிற்காலத்தில் படிந்த வண்டல் அடுக்குகளையும் வெட்டிச் சென்றிருப்பதைக் கண்டார்கள். இந்த நுட்பம் கவனிக்கத்தக்கது. பாறையை மட்டும் வெட்டி, மேலே படிந்த வண்டலைத் தொடாத பிளவு, வண்டல் படிவதற்கு முன்பே ஓய்ந்துபோனது என்று கொள்ளலாம். வண்டலையும் வெட்டிய பிளவோ, அந்த வண்டலின் வயதுக்குள் ஒருமுறையேனும் அசைந்தது என்பது ஐயமற்ற உண்மை.

கம்பெனியின் பொறியாளர்கள் சோர்ந்துவிடவில்லை. உலைக் கட்டடத்தைச் சுற்றி மணலால் இடங்கொடுத்து, நிலம் சில அடிகள் நகர்ந்தாலும் கட்டடம் சிதையாதபடி செய்யலாம் என்று ஓர் உபாயம் கூறினார்கள். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி இரண்டு அறிக்கைகள் ஒருங்கே வெளிவந்தன. அணுசக்திக் கமிஷனுக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழு அந்த உபாயத்தைப் போதுமானதென்று ஏற்றது. கமிஷனின் சொந்த அலுவலர்களோ, அனுபவத்தால் பரீட்சிக்கப்படாத ஒரு முறையை நம்பி இத்தகைய இடத்தில் கட்டுவது தகாது என்று அபிப்பிராயம் தெரிவித்தார்கள். நான்கு நாட்களில் கம்பெனி தன் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது. குழியில் இப்போது தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒரு குழியும் சில ஆண்டுகளும் வீணாயின என்று சொல்வதைவிட, உலை எழும்பும் முன்பே உண்மை வெளிப்பட்டது என்று சொல்வதே நியாயம்.

பிறகு 1973-ஆம் ஆண்டில் அந்நாட்டு விதிகளில் ஓர் அளவுகோல் இடம்பெற்றது. கடந்த 35,000 ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும், அல்லது கடந்த 5,00,000 ஆண்டுகளுக்குள் பலமுறையும் நிலப்பரப்பிலோ அதன் அருகிலோ அசைந்த பிளவு, இனியும் அசையும் ஆற்றல் உடையதாகக் கருதப்பட வேண்டும் என்பது அந்த விதி. மனித சரித்திரத்தின் ஏடுகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் எதையும் சொல்வதில்லை. கலிபோர்னியாவின் எழுத்துச் சான்றுகளோ சில நூற்றாண்டுகளுக்குள் அடங்கியவை. ஆகவே, பூமியையே ஏடாகக் கொண்டு படிக்கும் வித்தையைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் வளர்க்க வேண்டியிருந்தது. பிளவின் குறுக்கே அகழி வெட்டி, அதன் சுவர்களைச் செதுக்கிச் சுத்தம் செய்து, எந்த அடுக்கு முறிந்திருக்கிறது, எந்த அடுக்கு முறியாமல் மேலே மூடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அடுக்குகளில் சிக்கிய கரித்துண்டுகளின் கதிரியக்கக் கார்பனை அளந்து, சுமார் 50,000 ஆண்டுகள் வரை வயது கணிக்கிறார்கள். கெரி சீ என்ற ஆராய்ச்சியாளர் தெற்குக் கலிபோர்னியாவின் பாலெட் கிரீக் என்னுமிடத்தில் இம்முறையைக் கையாண்டு, சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் பழைய பூகம்பங்கள் பலவற்றைக் கண்டறிந்து 1978-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் ஒரு திருப்பம்.

இத்தனை வித்தைகள் கைவசம் இருந்தும் உண்மை எப்படித் தப்பிவிடக்கூடும் என்பதற்கு, அதே கம்பெனி அதே மாகாணத்தின் தென்மத்தியக் கடற்கரையில் அமைத்த டயப்ளோ கேன்யன் நிலையம் உதாரணம். அங்கே 1960-களின் நடுப்பகுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரிச்சர்ட் ஜான்ஸ் மேற்பார்வையில் அகழிகள் வெட்டப்பட்டன. அந்தக் கரையில், பூர்வ காலத்துக் கடலலைகள் அரித்துச் சமமாக்கிய மேடைகள், நிலம் மெல்ல உயர்ந்ததால், படிப்படியாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் வயது ஏறத்தாழ 1,20,000 ஆண்டுகள். நெடுநாள் மூடிக் கிடந்த கதவைப் பிறகு எவரும் திறக்கவில்லை என்பதை அதன் குறுக்கே அறுபடாமல் இருக்கும் சிலந்தி வலை காட்டிவிடுவதுபோல, கீழ்ப்பாறையில் உள்ள சிறு பிளவுகளின் மேலே அந்த மேடை அறுபடாமல் தொடர்ந்து செல்வது, அப்பிளவுகள் அத்தனை காலமும் உறங்கியே கிடந்தன என்பதைக் காட்டியது. கட்டடத்தின் அடியில் அபாயமான பிளவு இல்லை என்ற அந்த முடிவு வலிமையான ஆதாரத்தின்மேல் நின்றது. 1968-இல் முதல் உலைக்கும் 1970-இல் இரண்டாம் உலைக்கும் கட்டுமான அனுமதி கிடைத்தது.

ஆனால் நிலத்தை அவ்வளவு கருத்தோடு பரிசோதித்தவர்கள், எதிரே விரிந்த கடலின் அடித்தளத்தை அதே கருத்தோடு பரிசோதிக்கவில்லை. எண்ணெய் தேடும் பொருட்டுக் கடலுக்குள் ஒலியலைகளைச் செலுத்தி, அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவுசெய்த ஷெல் கம்பெனியின் பூகர்ப்ப அறிஞர்களான ஹாஸ்கின்ஸ், கிரிபித்ஸ் ஆகிய இருவர், கரையோரமாக 100 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு பெரும்பிளவை 1971-இல் வெளியிட்டார்கள். அவ்விருவர் பெயராலும் ஹாஸ்கிரி என்று வழங்கும் அப்பிளவு, பாதி எழும்பி நின்ற நிலையத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. 1927-ஆம் ஆண்டில் லாம்போக் கடற்புறத்தில் நிகழ்ந்த, ஏறக்குறைய 7 அளவுள்ள பூகம்பம் இப்பிளவில் எழுந்திருக்கலாமோ என்ற ஐயமும் சேர்ந்தது. ஹாஸ்கிரிப் பிளவில் 7.5 அளவுள்ள பூகம்பம் உண்டாகலாம் என்று பூகர்ப்ப ஆராய்ச்சித் துறை 1976-இல் தீர்மானித்தது. அதன் பயனாக, புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு குலுக்கத்தைத் தாங்கவென்று வரைந்த நிலையத்தை 0.75 பங்கு குலுக்கத்தைத் தாங்கும்படி மறுபரிசீலனை செய்து பலப்படுத்த நேர்ந்தது.

அந்தப் பலப்படுத்தும் வேலையிலும் ஓர் இடையூறு. இரண்டு உலைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல வலம் இடமாக அமைந்தவை. பூகம்பத் தாங்கிகளைக் கணக்கிடும்போது ஓர் உலையின் வரைபடம் மற்றதற்குப் பயன்பட்டுவிட்டது என்பது 1981-ஆம் ஆண்டில், அனுமதி வழங்கப்பட்ட சில நாட்களுக்குள் வெளிப்பட்டு, அந்த அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. பூகம்பத்தின் அளவைச் சரியாக அறிந்தால் மட்டும் போதாது. அந்த அறிவு ஆராய்ச்சியாளரின் மேசையிலிருந்து தொழிலாளியின் கையில் உள்ள இரும்புத் தாங்கி வரை பிசகாமல் வந்து சேர வேண்டும் என்பதையே இந்த நிகழ்ச்சி போதிக்கிறது. விரிவான மறுசரிபார்ப்புக்குப் பின் முதல் உலை 1985-இலும் இரண்டாம் உலை 1986-இலும் மின்சாரம் விற்கத் தொடங்கின.

அத்தோடு கேள்வி முடிந்துவிட்டதா? அனுமதியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. பூகம்ப அபாயத்தை நெடுநோக்கோடு மீண்டும் ஆராய்ந்து கம்பெனி 1988-இல் ஓர் அறிக்கை தந்தது. 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி அதே கடற்கரையில் உள்ள சான் சிமியோன் அருகே 6.5 அளவுள்ள பூகம்பம் எழுந்து பாசோ ரோபிள்ஸ் நகரில் இருவரைப் பலிகொண்டது. 2008-ஆம் ஆண்டில் ஜீன் ஹார்டிபெக் என்ற ஆராய்ச்சியாளர், மனிதர் உணராத சின்னஞ்சிறு நடுக்கங்கள் எங்கெங்கே எழுகின்றன என்பதை நுட்பமாகக் கணித்துப் பார்த்தபோது, அவை ஒரே கோட்டில் வரிசையாக நிற்பதைக் கண்டார். கரையோரப் பிளவு என்று பெயர் பெற்ற அது, உலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் ஓடுகிறது. அப்பிளவு அசைந்தாலும் அதன் குலுக்கம் முன்பே கணக்கிட்ட வரம்புக்குள் அடங்கும் என்று கம்பெனியும் அணுசக்தி ஒழுங்குமுறைக் கமிஷனும் முடிவு செய்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்ட ஓர் இடத்தில், வாசற்படிக்கு எதிரே இருந்த பிளவு அத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானின் புகுஷிமாவில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு, அமெரிக்காவின் எல்லா அணுமின் நிலையங்களும் தத்தம் பூகம்ப அபாயத்தைப் புதிதாகக் கணிக்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. டயப்ளோ கேன்யனை மூடுவதென 2016-இல் உடன்பாடு ஏற்பட்டும், 2022-இல் மாகாணச் சட்டமன்றம் அது 2030 வரை இயங்க வழிசெய்ததால், அங்கே அந்த ஆராய்ச்சியின் கடமையும் நீண்டிருக்கிறது.

அதே கம்பெனி வடகோடியில் ஹம்போல்ட் விரிகுடாவில் 1963 முதல் நடத்திய சிற்றுலை, எரிபொருள் மாற்றவும் பூகம்பத்துக்கெதிராகப் பலப்படுத்தவும் 1976-இல் நிறுத்தப்பட்டு, மீண்டும் இயங்கவே இல்லை. ஓரிடத்தில் கட்டும் முன்பே கைவிட்டார்கள். ஓரிடத்தில் கட்டி இயக்கிய பின் கைவிட்டார்கள். ஓரிடத்தில் கட்டிக்கொண்டிருக்கும்போதே உண்மை தெரிந்து, பலப்படுத்திக்கொண்டு தொடர்கிறார்கள்.

அணுசக்தி வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் இதில் ஒன்றுபட முடியும். பூமியின் இயல்பு நம் திட்டங்களின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டதன்று; ஆகையால் அதை ஆராய்வது அனுமதி பெறுவதற்கான ஒரு சடங்காக முடிந்துவிடாமல், உலை இயங்கும் காலமெல்லாம் நீடிக்கும் கடமையாக இருக்க வேண்டும். கட்டுகிறவர்களுக்கு லாபநஷ்டம் உண்டு. அந்த லாபநஷ்டத்தில் பங்கில்லாத அறிஞர்கள், நிலத்தோடு கடலடியையும் சேர்த்துப் பரிசோதித்து, தங்கள் முடிவை மட்டுமன்றி அதன் ஆதாரங்களையும் பகிரங்கமாக வைக்க வேண்டும். இத்தகைய நிலையம் எந்த ஊரில் எழுந்தாலும், அங்கே எத்தனை பிளவுகளை ஆராய்ந்தார்கள், எவ்வளவு தூரம் தேடினார்கள், கடைசியாக எந்த ஆண்டில் மறுபடி கணித்தார்கள் என்று கேட்பது அவ்வூர்க் குடிமக்களின் உரிமை. அந்தக் கேள்விகளுக்கு ஆதாரத்தோடு விடை கூறுவது அரசின் தர்மம்.